பார்வதி ஏற்றிய சிவப்பு வரி

ராணுவத்தில் நாயக்காக இருந்த சுப்ரமணியன் பணியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தான். மறு வருடம், 1998இல், அவன் மனைவி பார்வதிக்குப் புனேயில் ஒரு ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே அவள் தேடி எடுத்தது கணவனின் கோப்பைத்தான். நடத்தைத் தாளில் ஒரே ஒரு வரி, சிவப்பு மையில்: 'அனுமதியின்றி வண்டியை எடுத்துச் சென்றது. கடும் கண்டனம். 1994.'

அனுமதி தந்தவரே அவனுடைய மேலதிகாரி, அன்றைய நாயப் சுபேதார் பத்ரிநாத்தான். தன் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் வாங்கிவர அவனை ராணுவ வண்டியில் ஹடப்சர் பகுதிக்கு அனுப்பினார். வண்டி லாரியில் மோதியதும், "நான் அனுப்பவே இல்லை" என்று விசாரணையில் சாதித்துவிட்டார். அந்தச் சிவப்பு வரியால் சுப்ரமணியன் கடைசிவரை அடுத்த படியான ஹவில்தார் ஆகவில்லை. மூன்று வருடம் உள்ளுக்குள்ளேயே புழுங்கிச் செத்தான்.

2003இல் பத்ரிநாத்தின் கோப்பு அவள் மேஜைக்கு வந்தது. ஓய்வு பெறப்போகும் சுபேதாருக்குக் கௌரவ லெப்டினன்ட் பட்டம் தரலாமா என்று சரிபார்க்க வேண்டும். நடத்தைத் தாள் சுத்தமாக இருந்தது. பார்வதி விடவில்லை. கோப்புக் கட்டின் அடியில் அகப்பட்டது 2001ஆம் வருடத்து ஆணை: குடித்துவிட்டுச் சிப்பாயை அடித்ததற்குக் கடும் கண்டனம். அவருக்கு வேண்டியவர் யாரோ அதைத் தாளில் ஏற்றாமல் அமுக்கியிருந்தார்.

அன்றே ஆபீஸ் பொறுப்பிலிருந்த மேஜரிடம் அதைக் கொடுத்திருக்க வேண்டும். அவள் டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த மாதம் பத்ரிநாத்தே பேடா டப்பாவோடு வந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"நம்ம தமிழாளு நீங்க. குடியரசு தினத்துல பேரு வந்துடும்லம்மா?"

"லிஸ்ட்ல இருக்கு சார். யூனிஃபார்ம் தைக்கக் குடுத்துடுங்க."

அவர் தைக்கக் கொடுத்தார். ஊரெல்லாம் சொன்னார். பட்டியல் மேலிடத்துக்குப் போகும் கடைசி நாள் காலையில் பார்வதி அந்த ஆணையை மேஜர் முன் வைத்தாள். பட்டியலிலிருந்து பத்ரிநாத்தின் பெயர் நீக்கப்பட்டது. விடுபட்ட வரியை ஏற்றச் சொன்னார் மேஜர். அவசரப்படாமல், எழுத்து எழுத்தாக அழுத்தி, சிவப்பு மையில் எழுதினாள்.

பத்ரிநாத் ஓடிவந்தார். "எல்லாருக்கும் சொல்லிட்டேனேம்மா! முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்."

"உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்?"

"நாயக் சுப்ரமணியன் சம்சாரம் நான். சிலிண்டர் வாங்க அனுப்புனீங்களே, அவரு."

அவர் முகம் வெளிறியது. "அது... அப்ப என் நெலமை..."

வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். "நீங்கதான் அனுப்புனீங்கன்னு எழுதிக் குடுங்க. அவரு ஃபைல்ல சேத்துடறேன்."

பேனாவைத் தொடாமலே அவர் படியிறங்கிப் போனார்.

ஆணையை இரண்டு மாதம் மறைத்து வைத்ததற்காக மேஜர் அவளுக்கு எச்சரிக்கை மெமோ கொடுத்தார். மறுபேச்சில்லாமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாள். ஜனவரியில் பட்டியல் வந்தபோது விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினாள். பத்ரிநாத் இல்லை. மேலேயிருந்து இன்னொரு முறை படித்தாள்.