அப்பா வைத்த சிவப்பு நூல்

தோழிகளே, நம் கையெழுத்துப் பத்திரிகையில் இந்த வாரம் ஒரு கோலம் போடலாம் என்றிருந்தேன். அதற்குள் இன்று மத்தியானம் ஒன்று நடந்துவிட்டது. அதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் காதல் கதைக்கு இடமில்லை. போன மாதம் ஒரு நாவலை அப்பா அடுப்பிலேயே போட்டார்.

அதனால், சைக்கிளில் வாடகைப் புத்தகம் கொண்டுவரும் ரஹீம் பாயிடம் சரித்திரக் கதையாகக் கேட்டு வாங்கினேன். பேங்க் கிளார்க் ஒருவன் கூரம் கிராமத்துப் பழைய கோயிலில் தூங்கிப்போய், பல்லவர் காலத்தில் கண்விழித்து, ஓர் இளவரசியிடம் மனதைப் பறிகொடுக்கிற கதை.

நான் நாற்பதாம் பக்கத்தில் இருந்தேன். இன்று புத்தகத்தைத் திறந்தால், நூற்றிருபதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் பட்டு நூல்.

அந்தச் சிவப்பு அப்பாவின் தறியில் மட்டும்தான் ஓடுகிறது. அந்தப் பக்கத்தில் கிளார்க் இளவரசியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

புத்தகத்தோடு தறியருகே போய்க் கேட்டேன்.

"இது காதல் கதையாச்சேப்பா?"

அப்பா தறியை நிறுத்தவில்லை. "இல்லமா, சரித்திரம். அந்தப் பொண்ணு செத்து ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆவுது. அவள எவன் லவ் பண்ணா யாருக்கு என்னா?"

"அப்போ காதல் கதைன்னா எதுப்பா?"

"உயிரோட இருக்கறவங்க பண்றது. அது இந்த வூட்டுக்கு வாணாம்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அவன் அவள உட்டுட்டுத் திரும்பி வந்துட மாட்டானேமா?"

ஆகவே தோழிகளே, நம்மில் யாராவது காதலிப்பதென்றால் பல்லவர் காலத்துக்குத்தான் போகவேண்டும். வேறு வழி தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதுங்கள்.

பென்சிலிலேயே எழுதுங்கள், அழித்துவிடலாம். அப்பா இதையும் படிக்கிறாரோ என்னவோ.