கேள்விக்காரி

மின்விசிறித் தொழிற்சாலையில் அவளை வேலைக்குச் சேர்த்தபோது, அப்படியொரு வேலை இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. மேலாளருக்கே அரைகுறைதான். வெளியூர்க் கூட்டமொன்றில் எதையோ காதில் வாங்கி வந்தவர், மனோதத்துவம் படித்த ஒருத்தியைத் தேடிப் பிடித்தார். ஆட்கள் ஒத்துப்போக வேண்டும், அதற்கு வழி பண்ணுங்கள் என்றதோடு அவர் விளக்கம் முடிந்தது.

முதலில் அவள் படம் வரைந்து மாட்டி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பெடுத்தாள். பாதிப் பேர் கண்ணயர்ந்தார்கள். ஒருநாள் முன்வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். எல்லோரும் சிரிக்க, அவளுக்கும் அடக்க முடியவில்லை. படங்களைச் சுருட்டி அலமாரிக்கு மேலே போட்டவள் பிறகு அவற்றைத் தொடவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விற்றுப்போன விசிறிகள் திரும்பிவந்து கிடங்கில் குவிந்தன. கம்பி சுற்றும் பகுதியினர் பொருத்தும் பகுதியினரைக் கைகாட்ட, அவர்கள் இவர்களைக் கைகாட்டினார்கள். அவள் இரு தரப்பையும் கேன்டீனுக்கு அழைத்து, மேசைகளை ஓரங்கட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். இங்கே பேசுவது யார் பேரிலும் வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"அவங்க உங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்கன்னு நீங்க நினைக்கிறீங்க?"

கம்பி சுற்றும் பெண் ஒருத்தி, "கண்ணை மூடிக்கிட்டுச் சுத்துறோம்னு நினைப்பாங்க" என்றாள்.

எதிரே இருந்த பொருத்தும் பகுதிக்காரர் தலையாட்டி மறுத்தார். "இல்லம்மா. கெட்டுப்போன சுருள்னு எங்களுக்கும் தெரியும். திருப்பி அனுப்பினா எங்க எண்ணிக்கை குறையும், திட்டு விழும். அதான் மாட்டிடுறோம்."

"நாங்களும் அதுக்குப் பயந்துதான் அனுப்புறோம்" என்றாள் அந்தப் பெண்.

மாதக் கடைசியில் மேலாளர் கொடுக்கும் நெருக்கடிதான் இரு பக்கத்தையும் ஊமையாக்கியிருந்தது. அவள் அதை மேலாளரிடம் மறைக்காமல் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"யார் சொன்னது?"

"அதைச் சொல்ல மாட்டேன் சார்."

"உங்களை வேலைக்கு எடுத்தது நான்."

"அவங்களுக்கு வாக்குக் கொடுத்தது நான்."

மறுவாரமே அவள் மேசை காகிதக் கட்டுகள் அடுக்கும் அறைக்குப் போயிற்று. கொஞ்சகாலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வேலையை விட்டாள். ஆனால் மேலாளர் சத்தமில்லாமல் மாதக் கடைசி நெருக்கடியைக் கைவிட்டார்; விசிறிகள் திரும்புவது குறைந்தது. தன் சொந்த யோசனை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஓவிய ஆசிரியரான அவள் கணவருக்கு வயிறு எரிந்தது.

"அவரே யோசிச்சதா நினைச்சாதான் விடாம செய்வார்" என்று கணவரைச் சமாதானப்படுத்தினாள். ஆனால் அன்றைய சமையலில் உப்பே இல்லை. கணவர் அதைச் சொல்லிக்காட்டாமல் சாப்பிட்டு எழுந்தார்.

அதன்பின் பேருந்துப் பணிமனை, அச்சகம், மருத்துவமனை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனாள். கேள்விக்காரி என்ற பட்டப்பெயர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். சில இடங்களில் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். சில இடங்களில் தேநீர்கூடக் கொடுக்காமல் வழியனுப்பினார்கள்.

வயதான பிறகு இடுப்பெலும்பு முறிந்து, தான் எப்போதோ ஒரு மழைக்காலம் முழுக்க வேலை செய்த அந்த மருத்துவமனையிலேயே படுத்தாள். காலையில் ஆள் மாறும் நேரம், மருத்துவரும் செவிலியர்களும் கூடி நின்றார்கள். தலைமைச் செவிலி முதலில் துப்புரவுப் பெண்ணைத்தான் கேட்டாள். மூலைக்கட்டில் தாத்தா சாப்பாட்டைத் தொடாமல் அழுதுகொண்டிருந்தார் என்று அந்தப் பெண் சொன்னாள். மருத்துவர் நேரே அங்கே போனார். துப்புரவுப் பெண்ணே முதலில் பேசட்டும் என்று தான் சொன்னதற்காக இதே வார்டில் அன்று நடந்த சண்டையெல்லாம் அவள் நினைவுக்கு வந்தது.

"இந்தப் பழக்கம் எப்பலேர்ந்தும்மா?" என்று செவிலியைக் கேட்டாள்.

"எப்பவுமே இப்படித்தாம்மா. யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியல."

பக்கத்திலிருந்த கணவர் வாயெடுத்தார். அவள் அவர் கையை அழுத்தினாள். செவிலி நகர்ந்ததும் அவர் பொரிந்து தள்ளினார்: "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நாளைக்கு அந்தத் தாத்தாவை விட்டுட்டு என் முகத்தைப் பார்த்துக்கிட்டே பேசுவாங்க" என்றாள் அவள். பிறகு, தனக்கும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது என்று மெல்லச் சொன்னாள்.