வீட்டுச் சால் தக்காளி சுத்தமானது

எனக்குப் பேச வராது. எழுத ஓரளவு வரும். பத்தாவதோடு நின்றுபோன படிப்புதான், ஆனாலும் கடிதம், மனு என்று எழுதிப் பழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் பேசுகிற வேலை முழுக்க என் மனைவியுடையது. பாலக்கோடு மண்டியில் தக்காளியை இறக்கி வைப்பது நான், எதிரே நிற்பவரிடம் பேசுவது அவள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதும் அவள்தான். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். இருபது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

அவளுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்து, அதை எடுத்த பிறகு, ஆறு ஊசி போடவேண்டும் என்றார்கள். ஊசி என்று நாங்கள் சொன்னாலும் அது பாட்டிலில் தொங்கி, மணிக்கணக்காகச் சொட்டுச்சொட்டாக இறங்கும் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை. முதல் ஊசி முடிந்து கிளம்பும்போது அங்கிருந்த நர்ஸ் என்னை உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். ஊசி போட்ட ஒரு வாரத்தில் உடம்பில் கிருமியை எதிர்க்கிற அணுக்கள் குறைந்துபோகும். அந்த நாட்களில் சாதாரணக் கிருமிகூடக் காய்ச்சலாக மாறிவிடும். காய்ச்சல் வந்தால் ஆபத்து, அடுத்த ஊசியும் தள்ளிப்போகும். ஆறு ஊசியையும் நாள் தவறாமல் போட்டுக்கொள்ள வைப்பதுதான் வீட்டில் இருப்பவருடைய வேலை என்றார்.

அவர் தென்பக்கத்துக்காரர். எங்கள் ஊரில் ‘அண்ணா’ என்பதை அவர் ‘அண்ணே’ என்பார். கையில் ஒரு தாள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“காய்கறி, கீரை எல்லாம் சுத்தமானதுதானே அண்ணே குடுக்கிறீங்க?”

“சுத்தமானதுங்க சிஸ்டர்.”

அவர் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். நானும் சரியாகப் பதில் சொல்லிவிட்ட நிம்மதியில் இருந்தேன்.

எங்கள் பக்கத்தில் சுத்தமான காய் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே சொல்லவேண்டும். தக்காளி போடுகிறவர்கள் பூச்சிக்கு மருந்து அடிக்காமல் இருக்க முடியாது. அடித்த கையோடு பறித்துச் சொந்த வீட்டு அடுப்பில் வைக்க மனசும் வராது. அதனால் காடு என்று நாங்கள் சொல்கிற எங்கள் நிலத்தில் ஓரமாக ஒரு வரிசையை மருந்து அடிக்காமல் விட்டுவிடுவோம். அதுதான் வீட்டுச் சால். பேச்சில் ‘வூட்டுச் சால்’. எங்கள் காட்டில் அது மேற்கு ஓரத்தில் இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி. காற்று மேற்கிலிருந்து அடிக்கும் மாதங்களில் மற்ற சால்களுக்கு அடிக்கிற மருந்து அந்தப் பக்கம் பறந்து வராது என்பது அவள் கணக்கு. அதை ஒட்டியே கொத்தமல்லிப் பாத்தி, நாலு பச்சைமிளகாய்ச் செடி, கொஞ்சம் சிறுகீரை. அந்த இடத்தில் விளைவதெல்லாம் சுத்தம். பழத்தைப் பறித்துத் துண்டில் ஒரு துடை துடைத்து அங்கேயே கடிப்போம். கழுவுவது சந்தைக் காய்க்குத்தான். வீட்டுச் சால் காயைக் கழுவுகிறவனைப் பார்த்தால், தன் காட்டையே நம்பாதவன் என்று சிரிப்பார்கள்.

முதல் ஊசி பெரிதாகப் படுத்தவில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு அவளுக்கு நாக்கு செத்துப்போயிற்று. எதைத் தின்றாலும் வாயில் இரும்புத் துண்டு கிடக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். சமையலை அப்போதுதான் நான் கையில் எடுத்திருந்தேன். உப்பு அதிகமா குறைவா என்று கேட்டால் தெரியவில்லை என்பாள். என் சமையலை அப்படியே விட்டுவைக்கிற பெண் இல்லை அவள். அதனால் அந்த ‘தெரியவில்லை’ எனக்குப் பயமாக இருந்தது.

நாலைந்து நாள் வெறும் கஞ்சியோடு ஓடியது. ஒரு காலையில் அவளே, களிக்குப் பச்சைப் புளிரசம் கரைத்துத் தருகிறீர்களா என்று கேட்டாள். அதைக் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பச்சைப் புளிரசம் அடுப்பில் ஏறாது. புளித்தண்ணீரில் தக்காளி, சின்ன வெங்காயம், சுட்ட மிளகாய், கொத்தமல்லி எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து கரைப்பது. காட்டுக்கு ஓடி நன்றாகப் பழுத்த தக்காளியாகப் பார்த்துப் பறித்தேன். ஒன்று வெடித்திருந்தது, வெடித்ததுதான் ருசி என்று அதையும் எடுத்துக்கொண்டேன். கொத்தமல்லி தளதளவென்று இருந்தது. நாலு நாள் முன்னால்தான் அந்தப் பாத்திக்குப் பச்சைச் சாணியைக் கரைத்துத் தெளித்திருந்தேன். வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, துண்டால் துடைத்துக் கொண்டுவந்தேன்.

அன்றைக்கு அவள் உருண்டைக் களியில் பாதிக்கு மேல் சாப்பிட்டாள். கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தாள். மறுநாளும் அதையே கேட்டாள், மறுநாளும் கரைத்தேன். என் கையால் அவளுக்கு ஒரு நல்லது நடந்தது என்று எனக்குள் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் வயிற்றால் போயிற்று. மத்தியானம் உடம்பு கொதித்தது. நர்ஸ் வாங்கச் சொல்லியிருந்த தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் காட்டு அண்ணனின் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு வாரம் அங்கேயே படுக்கை. மூன்றாவது ஊசி தள்ளிப்போயிற்று.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய அன்று அந்த நர்ஸ் என்னிடம் வந்து, காய்ச்சலுக்கு முந்தைய நாட்களில் அவள் என்னென்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். நான் புளிரசத்தைச் சொன்னேன்.

“தக்காளி, கொத்தமல்லி எல்லாம் கழுவினீங்களா?”

“அது வூட்டுச் சாலுங்க.”

“எந்தச் சாலா இருந்தா என்ன அண்ணே, கழுவினீங்களா?”

“ஒரு சொட்டு மருந்து படாததுங்க சிஸ்டர். அதை எதுக்குங்க கழுவறது?”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்த என் மனைவி மெல்லிய குரலில், எங்க ஊர்ல சுத்தம்னா அதுதாம்மா, என்றாள். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவர் கேட்ட சுத்தம் வேறு, நான் சொன்ன சுத்தம் வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம். பேசுகிற பழக்கம் இருக்கிறவனாக இருந்தால் கூடவே ‘மருந்து படாதது’ என்று இன்னொரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையில் விஷயம் வெளியே வந்திருக்கும்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “இதனாலதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது அண்ணே. ஆனா இது ஒரு வழி. இந்த வழியை அடைச்சிருவோம்” என்றார். சாணிக் கரைசல் தெளித்ததைச் சொன்னபோது மட்டும் முகத்தை ஒருமாதிரி சுளித்தார்.

வீடு திரும்பிய மறுநாள் காலையில் நான் மண்வெட்டியோடு காட்டுக்குப் போனேன். கொத்தமல்லியைப் பாத்தியோடு கொத்திவிட்டு, வீட்டுச் சாலையும் பிடுங்கிவிடுவது என்று முடிவு. இனிமேல் கடையில் வாங்கி, வேகவைத்துப் போட்டுவிடலாம். இரண்டு கொத்துக்கூடப் போட்டிருக்க மாட்டேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவள் வரப்பில் நின்றிருந்தாள். அவ்வளவு தூரம் எப்படி நடந்து வந்தாள் என்று தெரியவில்லை.

“என்னாங்க பண்றீங்க?”

நான் கொத்தமல்லிப் பாத்தியைக் காட்டினேன்.

“மருந்துக்குப் பயந்துதான் வூட்டுச் சால் வச்சோம். இப்போ வூட்டுச் சாலுக்கே பயந்தா எதைத்தான் திங்கறது? மண்வெட்டிய வைங்க. அந்த அம்மாகிட்டப் போயி எப்படித் திங்கறதுன்னு கேட்டுக்கிட்டு வாங்க.”

“நான் எப்படிக் கேக்கறது?”

“வாயால கேளுங்க. வரலையா, எழுதிக் குடுங்க.”

அதைத்தான் செய்தேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எனக்கு இருந்த சந்தேகத்தையெல்லாம் எழுதினேன். அடுத்த பரிசோதனைக்குப் போனபோது, வரிசையில் நின்று, என் முறை வந்ததும் தாளை நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் படித்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. ‘சாயங்காலம் நாலு மணிக்கு வாங்க’ என்றார். நாலு மணிக்குப் போனால், ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும் கொட்டை எழுத்தில் பதில் எழுதி வைத்திருந்தார். வேலைக்கு நடுவில் எப்போது எழுதினார் என்று தெரியவில்லை.

அந்தத் தாள் இப்போதும் எங்கள் சமையலறைச் சுவரில் இருக்கிறது. தக்காளியை எதில் கழுவுவது என்று கேட்டிருந்தேன். ஓடுகிற நல்ல தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவவேண்டும், சோப்பு வேண்டாம், அதற்கு முன்னால் உங்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்று இருந்தது. தோல் சீவுகிற காயையும் கழுவ வேண்டுமா? ஆமாம், கழுவிவிட்டுத்தான் சீவவேண்டும், இல்லையென்றால் தோலில் இருப்பது கத்தி வழியாக உள்ளே போகும். வெடித்த பழம்? அவருக்கு வேண்டாம், நீங்கள் சாப்பிடுங்கள். கோழி வெட்டுகிற பலகையில் காய் நறுக்கலாமா? கூடாது. இதற்கு மட்டும் அடிக்கோடு இரண்டு. சாணி? பச்சைச் சாணியை, சாப்பிடப் பறிக்கிற செடியில் போடவேண்டாம், நன்றாக மக்கிய எருவை மண்ணில் கலந்து வையுங்கள், இலையில் படக்கூடாது, ஊசி நாட்களில் அவர் மண்ணைத் தொடவேண்டாம். கடைசிக் கேள்வி, பச்சைப் புளிரசம் எப்போது கொடுக்கலாம் என்பது. அதற்குக் கீழே, ‘இப்போது கொதிக்கவைத்துக் கொடுங்கள். பச்சையாகக் கொடுக்கும் நாளை டாக்டரைக் கேட்டு நானே சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தார்.

எங்களிடம் மக்கிய எரு இல்லை. குப்பைக் குழி அப்போதுதான் நிரம்பிக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. என் மனைவி எதையோ சொல்லியிருப்பாள் போல, பக்கத்துக் காட்டு அண்ணி தன் பழைய குழியிலிருந்து இரண்டு கூடை எருவைச் சுமந்துவந்து கொட்டினார். டீத்தூள் மாதிரி உதிர்ந்தது, நாற்றமே இல்லை. பழைய பாத்தியைக் கொத்திப்போட்டுவிட்டு, வேறு இடத்தில் அந்த எருவை மண்ணில் கலந்து புதுக் கொத்தமல்லி விதைத்தேன்.

எரு கொடுத்தாலும் அண்ணி என்னைச் சும்மா விடவில்லை. குழாயடியில் நான் ஒவ்வொரு தக்காளியாகத் தேய்த்துக் கழுவுவதைத் தன் வரப்பிலிருந்து பார்த்துவிட்டு, “என்ன கொழுந்தனாரே, தக்காளிக்குத் தல குளிப்பாட்டி ஆச்சா? சாம்பிராணி போட நான் வரட்டுமா?” என்று காடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கேட்டார். எனக்குக் காது சிவந்துபோயிற்று. திண்டாடித் திண்டாடி, “நீங்களும் கழுவிப் பாருங்க அண்ணி, தண்ணி எப்படி வருதுன்னு” என்று சொல்லிவிட்டேன். அவர் வந்து பார்த்தார். பாத்திரத்தில் இறங்கிய செம்மண் கலங்கலைப் பார்த்துவிட்டு, “வூட்டுச் சால்லயா இம்புட்டு?” என்றார். அதற்குப் பிறகும் அவர் கிண்டல் நிற்கவில்லை. ஆனால் அவருடைய காட்டிலும் குழாயடியில் ஒரு சல்லடைக் கூடை வந்துவிட்டது.

மூன்றாவது ஊசி, நாலாவது, ஐந்தாவது, ஆறாவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அந்த மோசமான வாரத்தில் காலையும் மாலையும் தெர்மாமீட்டரைப் பார்ப்பேன். சிறுகீரையை மூன்று தண்ணீரில் அலசி, வேகவைத்துக் கடைவேன். புளிரசம் கொதித்தே வந்தது. கொதித்தால் அது வெறும் ரசம்தானே என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், ஆனாலும் குடித்துவிடுவாள். காய்ச்சல் வரவில்லை. நான்கு ஊசியும் சொன்ன நாளில் ஏறின. ஆறாவது ஊசி ஏறி முடிந்தபோது நர்ஸ் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்பது போலக் காட்டினார். எதைப் பொறுக்கச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சில வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவோடு நாங்கள் இருவரும் போயிருந்தோம். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ், “அண்ணே, இனி பச்சையாவே குடுக்கலாமாம். கழுவித்தான்” என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. பையிலிருந்த தக்காளியை எடுத்து நீட்டினேன். ஒரு கிலோ இருக்கும். அவர் தயங்கினார். “வாங்கிக்கங்க சிஸ்டர். சுத்தமானது. ரெண்டு சுத்தமும்” என்றேன். என் வாழ்க்கையில் வேற்று ஆளிடம் நான் சொன்ன முதல் வேடிக்கை அதுவாகத்தான் இருக்கும். அவர் சிரித்து, என் மனைவியும் சிரித்து, வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் களி கிண்டினேன். தக்காளியைக் கழுவி, கொத்தமல்லியை இலை இலையாக அலசி, கையைக் கழுவிக்கொண்டு கரைத்தேன். அவள் கிண்ணத்தைத் தூக்கி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். முகம் ஒருமாதிரி ஆயிற்று.

“என்னாச்சு?”

“உப்பே போடலைங்க நீங்க” என்றாள்.

நான் உப்பு டப்பாவை எடுக்க எழுந்தேன். எடுத்துக்கொண்டு உடனே திரும்ப முடியவில்லை. பின்னால் அவள் மிளகாயும் சரியாகச் சுடவில்லை, புளி தண்ணியாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அங்கேயே நின்று கேட்டேன்.