கிழங்கு வெந்த தண்ணீர்

கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும் என்பது ஐம்பத்தெட்டாவது வயதில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை அது வறுவலாகத்தான் என் தட்டுக்கு வந்திருக்கிறது. களம்பூரில் ஓர் அரிசி ஆலையில் முப்பது வருஷம் நெல் அவித்தவன் நான். மூட்டை மூட்டையாக அவித்து லாரி ஏற்றி அனுப்பியவனுக்கு, வீட்டில் ஓர் ஆழாக்கு அரிசி வடிக்கத் தெரியாது. ஆலையில் கூட வேலை செய்த ஒருத்தர் அடிக்கடி சொல்லுவார், "மேஸ்திரி வூட்டுச் செவுருதான் எப்பவும் கோணலு" என்று. யாரைப் பார்த்துச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகுதான் நான் அடுப்பங்கரைக்குள் போனேன். ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீட்டில் தறி. அந்த வீடுகளுக்கு ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. கால் வீங்கியது. "நாள் பூரா உக்காந்துகினே கீறேன், அதான்" என்றாள். முகம் வீங்கியது. "தூக்கம் பத்தல, அதான்" என்றாள். அவளுடைய அந்த 'அதான்'களையெல்லாம் நானும் நம்பிக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். கடைசியில் வேலூரில் ஒரு மருத்துவமனையில், வாரத்துக்கு இரண்டு நாள் இரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டயாலிசிஸ் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் உப்பு, புளி மாதிரி ஆகிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் வேலை, குடித்தனம் எல்லாம். முதல் வாரமே வந்து நின்றாள்.

"அம்மாவ நான் இட்டுகினு போறேன். அங்கயும் ஆஸ்பத்திரி கீது. சமையலுக்கு ஆள் வெச்சிக்கலாம். நீ இன்னாப்பா செய்வ? உனக்கு வெந்நி வெக்கத் தெரியுமா?"

என் மனைவி கட்டிலில் இருந்தபடி, "நான் எங்கயும் வரல. அந்த ஊர்ல நான் பேசறது பக்கத்து வூட்டுக்காரிக்குப் புரியாது. மூணாவது மாடியில உக்காந்துகினு யாரப் பாத்து நான் கொட்டாவி வுடறது?" என்றாள்.

மகள் என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ செஞ்சி போடு. டாக்டர் சொன்னத அப்படியே செய்யணும். ஒரே ஒரு தப்பு நடந்தாலும் நான் யாரையும் கேக்க மாட்டேன். வண்டி வெச்சி தூக்கிகினு போயிடுவேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நான் கத்தியைக் கையில் எடுத்தேன்.

மருத்துவமனையில் உணவு சொல்லிக் கொடுக்கிற பெண் தெள்ளார்ப் பக்கத்துக்காரி. என்னை 'அப்பா' என்றுதான் கூப்பிடுவாள். கிழங்கு என்றாலே பொட்டாசியம், அது நமக்கெல்லாம் சத்து, அம்மாவுக்கு மட்டும் விஷம் என்று சொன்னாள். "வெளிய தள்ளறதுக்கு ஆளில்லப்பா. உள்ளயே நின்னு நின்னு ஒரு நாளு இதயத்தை நிறுத்திடும்." கிழங்கையே விட்டுவிடச் சொன்னால் என் மனைவி கேட்கிற ரகம் இல்லை. வெம்பாக்கம் பக்கம் பிறந்தவள். "மண்ணுக்கு மேல காய்க்கிறது கண்ணுக்கு, உள்ள விளையிறது வயித்துக்கு" என்பாள். அந்தப் பெண் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னாள். தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, வெந்நீரில் ஊறப்போட்டு, பிறகு நிறையத் தண்ணீர் வைத்து வேகவிட்டு வடித்துவிட வேண்டும். அதிலும் ஒரு கைப்பிடிதான், வாரத்துக்கு இரண்டு முறைதான். தண்ணீர் குடிப்பதற்கும் ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் என்று கணக்கு. காபி, ரசம் எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

ஓர் அச்சடித்த தாளும் கொடுத்தாள். எங்கோ வெளிநாட்டில் போட்ட பட்டியல் போல. இது கூடாது, இது அளவோடு, இது பரவாயில்லை என்று மூன்று வரிசை. நடு வரிசையில் ரூட்டபேகா என்று ஒன்று இருந்தது. அளவோடு சாப்பிடலாமாம். நான் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறிக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ரூட்டபேகாவா? இன்னாண்ணே அது, மாத்திரையா?"

"கிழங்கும்மா."

"நம்மகிட்ட சேப்பங்கிழங்கு கீது, கருணை கீது, குச்சிக்கிழங்கு கீது. வாயில நுழையாத கிழங்கு வயித்துல எப்படிண்ணே நுழையும்? முள்ளங்கி வாங்கிகினு போ."

மகளிடம் போனில் சொன்னேன். பெங்களூரில் ஏதோ பெரிய கடையில் தேடிப் பிடித்து, அடுத்த முறை வரும்போது நான்கு கொண்டுவந்தாள். ஒவ்வொன்றும் ஒரு தேங்காய் அளவு. மேல் பாதி ஊதா, கீழே அழுக்கு மஞ்சள். நறுக்க உட்கார்ந்தால் கத்தி இறங்க மாட்டேன் என்றது. உள்ளே இளமஞ்சள். மோந்து பார்த்தால் கோசு வாசனை, அடியில் கொஞ்சம் கடுகுக் காரம். வேகவைத்து, வடித்து, கடுகு, மிளகாய், தேங்காய்ப்பூ போட்டுப் புரட்டிக் கொடுத்தேன். மனைவி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தாள்.

"முட்டகோசும் முள்ளங்கியும் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிகினு பெத்த புள்ள இது" என்றாள்.

மகள் சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுத் தறிச் சத்தம் நின்றுபோய், "இன்னாடி அங்க?" என்று குரல் வந்தது. அந்த வீட்டுக்காரி நெய்கிறவள், நல்ல மனுஷி. நாங்கள் வேலூர் போகும் நாளில் எங்கள் சாவி அவளிடம்தான் இருக்கும். நாங்கள் திரும்பி வருவதற்குள் அவள் மகள் வாசல் பெருக்கித் தண்ணீர் பிடித்து வைத்துவிடும்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் எதை வேகவைத்தாலும் அந்தத் தண்ணீரைக் கொட்டுகிற வழக்கம் கிடையாது. கொள்ளு வெந்த தண்ணீர் ரசமாகும். பருப்பு வெந்தது சாறாகும். முருங்கைக்கீரை வெந்த தண்ணீரில் இரண்டு மிளகைத் தட்டிப் போட்டால் அதுவே மருந்து. என் மனைவி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பது: "சத்தெல்லாம் தண்ணியில எறங்கிடுது. தண்ணிய கொட்டிட்டுக் காயைத் திங்கறவன், பாலைக் கொட்டிட்டு சொம்ப நக்கறவன்." முப்பத்தைந்து வருஷம் கேட்ட பேச்சு. வடிதட்டில் கிழங்கைக் கவிழ்த்தபோது, கீழே பாத்திரத்தில் தங்கநிறத்தில் தண்ணீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. கிழங்கைத்தான் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். கிழங்கில் இருந்த விஷம் போய்விட்டது, வடித்தாயிற்று. அப்புறம் இதில் என்ன? என் புத்தி அப்படித்தான் ஓடியது. அதில் தக்காளியும் புளியும் கரைத்து ரசம் வைத்தேன்.

மனைவிக்கு அவள் கணக்கில் ஒரு சின்ன டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னா போட்டீங்க இதுல? இனிக்குது."

"கிழங்குத் தண்ணி."

"பரவால்லையே. பொழைக்கத் தெரிஞ்சிகினீங்களே."

அந்த ஒரு சொல் போதாதா? முப்பத்தைந்து வருஷத்தில் சமையலுக்காக அவள் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அப்புறம் நான் விடவில்லை. சேப்பங்கிழங்கு வெந்த தண்ணீர், பீட்ரூட் வெந்த தண்ணீர், எல்லாம் ரசத்துக்கு. மீந்ததில் சப்பாத்தி மாவு பிசைந்தேன். எனக்கென்று தனியாகக் கிழங்கு வேகவைத்த நாளிலும் அந்தத் தண்ணீர் அவள் ரசத்துக்குத்தான் போனது. உப்பு குறைத்தேன், டம்ளரை அளந்தேன், தாளில் போட்டிருந்த ஒவ்வொன்றையும் செய்தேன். ஐந்து வாரம் இருக்கும்.

ஒரு காலை வேலூர் பஸ் ஏறப் போனோம். அவள் முதல் படியில் காலை வைத்தாள், அடுத்த கால் மேலே வரவில்லை.

"ஜல்தி ஏறும்மா" என்றார் நடத்துநர்.

"ஏறிகினுதான் கீறேன்" என்றாள். ஆனால் கால் அங்கேயே நின்றது. அவள் அதை வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தாள். அப்படியே என் மேல் சரிந்தாள். பஸ்ஸில் இருந்த பெண்கள் இறங்கித் தாங்கிப் பிடித்தார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார்கள். வேலூர் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் கையை நான் விடவில்லை. கை ஜில்லென்று இருந்தது.

நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்ததும் மருத்துவர் நர்சுகளைக் கூப்பிட்டார். ஓடினார்கள். ஊசி போட்டார்கள், உடனே இயந்திரத்தில் போட்டார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் இருக்கக் கூடாத அளவுக்கு ஏறியிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று பிறகு சொன்னார்கள்.

தெள்ளார்ப் பெண் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நேத்து காலையிலருந்து ஒண்ணுவிடாம சொல்லுங்க." சொன்னேன். இட்லி, கோசு, ரூட்டபேகாவில் கடைசி ஒன்று. எப்படிச் செய்தேன் என்று கேட்டாள். சீவினது, ஊறப்போட்டது, வேகவைத்தது, வடித்தது என்று பாடம் ஒப்பித்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"தண்ணிய எங்கப்பா கொட்டினீங்க?"

"கொட்டலம்மா. ரசம் வெச்சேன்."

அவள் திட்டவில்லை. தலையில் கைவைத்துக்கொண்டாள். "எல்லாம் அந்தத் தண்ணியிலதாம்பா கீது. அதுக்குதாம்பா வடிக்கச் சொன்னது" என்றாள். "கொட்டுங்கன்னு நான் சொல்லியிருக்கணும். வடிச்சா யாரும் கொட்டிடுவாங்கன்னு நெனச்சிட்டேன்."

அவள் எழுந்து போன பிறகு ஆலை ஞாபகம் வந்தது. நெல்லை ஊறவைத்த தண்ணீரை முப்பது வருஷம் வாய்க்காலில் திறந்துவிட்டவன் நான். அந்தத் தண்ணீரையே அடுத்த தொட்டிக்கு விடலாமா என்று கேட்ட ஒருத்தனை, "நெல்லுல இருந்த கசண்டெல்லாம் இதுலதான்டா கீது, அரிசி நாறும்" என்று சத்தம் போட்டிருக்கிறேன். அங்கே தெரிந்தது இங்கே தெரியவில்லை. நெல் வேறு, ரசம் வேறு என்று நினைத்துவிட்டேனா? இல்லை, அவள் பாராட்டியது கண்ணை மறைத்துவிட்டதா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மாலைக்குள் மகள் வந்துவிட்டாள். வந்ததும் கட்டில் பக்கத்தில் நின்று, "எப்படி ஏறுச்சி? இன்னா குடுத்தாரு அப்பா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். கையில் ஊசியோடு படுத்திருந்த என் மனைவி முந்திக்கொண்டாள்.

"உங்கப்பா மேல ஒண்ணும் இல்ல. நான்தான் எளநி குடிச்சேன்."

"இன்னாது?"

"நாக்கு வறண்டுபூடுச்சி. உங்கப்பா கடைக்குப் போன நேரம் எதிர்வூட்டுப் பொண்ண வாங்கியாரச் சொன்னேன். நாலு நாளு குடிச்சிட்டேன்."

மகள் கத்தினாள். அழுதாள். இளநீர் இந்த நோய்க்கு எவ்வளவு ஆகாது என்று முதல் நாளே சொன்னார்களே, குழந்தையா நீ என்று கேட்டாள். என் மனைவி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தாள், வாயை மூடு என்ற பார்வை. ஊரில் என்னை வாயாடி என்பார்கள். ஒருத்தர் ஒரு பழமொழி சொன்னால் பதிலுக்கு மூன்று சொல்லுவேன். அன்றைக்கு மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.

வீடு திரும்பி, மகள் ஊருக்குப் போன பிறகு, "ஏன் அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க தப்பு பண்ணீங்கன்னா அவ என்னத் தூக்கிகினு பூடுவா. நான் தப்பு பண்ணேன்னா திட்டிட்டுப் பூடுவா" என்றாள்.

கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் எதிர் வீட்டை நாங்கள் இரண்டு பேருமே சேர்க்கவில்லை. மகள் பஸ் ஏறுவதற்கு முன்னால் நேராக அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். "எங்கம்மா சாவட்டும்னுதான் உங்க பொண்ணு எளநி வாங்கியாந்து குடுத்துச்சா?" என்று வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

மறுநாளே சாவியைத் திருப்பிக் கொடுக்க அந்தம்மா வந்தாள். உள்ளே வரவில்லை.

"அண்ணே, எம் பொண்ணு எப்ப எளநி வாங்கியாந்தா? நீங்களே சொல்லுங்க. அது ராவெல்லாம் அழுதுகினு கீது."

"அவளுக்கு ஒடம்பு முடியல. ஏதோ நெனப்புல சொல்லியிருப்பா. வுடும்மா" என்றேன்.

"மத்ததெல்லாம் மறந்துபோயி எம் பொண்ணு மட்டும் ஞாபகம் வந்துச்சாண்ணே?"

சாவியைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அன்று முழுக்க எதிர் வீட்டில் தறி ஓடவில்லை.

உள்ளே வந்தேன். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "போய்ச் சொல்லிடுங்க" என்றாள். நான் செருப்பைப் போட்டேன். அவளே கூப்பிட்டாள்.

"அவகிட்ட சொன்னா, அவ நம்ம பொண்ணுக்குப் போன் போட்டுக் கேக்க மாட்டாளா? பொண்ணு மேல பழி வுழுந்த தாய் சும்மா இருப்பாளா?"

நான் செருப்பைக் கழற்றினேன்.

"நாளைக்கி வேலூர் போயிட்டு வந்து, ரத்தம் பாத்தது இன்னான்னு தெரிஞ்சிகினு, அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

இப்போது கிழங்கு வெந்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் ஊற்றிவிடுகிறேன். இரத்தம் பார்த்தால் பரவாயில்லை என்கிறார்கள். எதிர் வீட்டுப் பெண் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறது. என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் என் மனைவி, "அடுத்த தடவ போயிட்டு வந்து" என்கிறாள். நானும் சரி என்கிறேன். இப்படிச் சொல்லிச் சொல்லியே ஒன்பது தடவை வேலூர் போய் வந்துவிட்டோம்.