எறும்புத் தடமும் என் கையெழுத்தும்

கம்பவுண்டர் சவரிமுத்து அரும்பாவூரில் காய்ச்சலில் இறந்துபோன சேதியைச் சென்ற வெள்ளிக்கிழமை பஸ் கண்டக்டர் நம் கடைத்தெருவில் வந்து சொன்னார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒருவர், "தெய்வம் மாதிரி மனுசன்" என்றார். பக்கத்தில் நின்றவரும் அதையே சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. யுத்த காலத்தில் அவரை ஊரை விட்டு விரட்டியது இதே வாய்கள்தான். என் வாயும் அதில் சேர்த்தி.

இரங்கல் தீர்மானம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தீர்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதினால் நன்றாயிருக்கும் என்றீர்கள். அதற்கு முன்னால் இதைப் படியுங்கள்.

நம் ஊர் ஆஸ்பத்திரியில் அவருடைய மருந்து அறையில் எறும்புக்குக் குறைவில்லை. இருமல் மருந்தில் சர்க்கரைப் பாகு உண்டல்லவா? மற்றவர்கள் நசுக்குவார்கள், அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினார். ஒரு மூடியில் நீர்த்துப்போன வெல்லத் தண்ணீர். அதில் எறும்புகள் மொய்க்கத் தொடங்கிய பிறகு, அதே தூரத்தில் இன்னொரு மூடியில் கெட்டிப் பாகு வைத்திருந்தார். வெல்லத் தண்ணீருக்குத்தான் வரிசை போய்க்கொண்டிருந்தது. பாகைச் சுற்றி இரண்டோ மூன்றோ.

"ருசி பாத்து போறதில்ல சார், வாசனைத் தடம் பாத்துப் போவுது. தீனி கெடைச்சு திரும்புற எறும்பு வயித்தைத் தரையில தேச்சுக்கிட்டே வருது, பாத்தீங்களா? அடுத்தது அது மேல போயி இன்னும் கொஞ்சம் பூசுது. மொதல்ல எது பலமாச்சோ அதுதான் ராஜபாட்டை. பக்கத்துல நல்லது இருந்தாலும் இதுக்குத்தான் கூட்டம்" என்றார். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்தத் தடத்தைத் துடைத்தார். எறும்புகள் திசை கெட்டு அலைந்தன. கொஞ்ச நேரத்தில் ஒன்று பாகைக் கண்டது. அரைமணியில் வரிசையே அங்கே திரும்பிவிட்டது.

அந்த ஆண்டு மழைக்குப் பின் வாந்திபேதி வந்தது. நம் நடுத்தெருக் கிணற்றடியில் நாம் செய்ததை எழுதவே கை கூசுகிறது. நோய் கண்டவர்களின் துணியை அங்கேயே அலசினோம். அலசிய தண்ணீர் உடைந்த சுவர் வழியே கிணற்றுக்குள் இறங்கியது. அதையே குடத்தில் மொண்டு வந்து குடித்தோம். கிணற்றில் போடும் சிவப்பு மருந்து திருச்சியிலிருந்து வரவேயில்லை.

சவரிமுத்து வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "சேரியில ஒருத்தருக்குக்கூட வரலீங்க. அவங்களை இந்தக் கிணத்துல நீங்க மொள்ள விடல, அதனால பொழைச்சாங்க. அவங்க கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கு. கேட்டா குடுப்பாங்க." யாரும் போகவில்லை. தீனி கிடைக்காமல் திரும்பும் எறும்பு தடம் பூசுவதில்லை. தடம் தானே மங்கிவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நாமோ பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பிய கையோடு அதே கிணற்றுக்குப் போனோம்.

ஒருநாள் காலையில் கிணற்றில் மண்ணெண்ணெய் நாறியது. ரேஷனில் சொட்டுச் சொட்டாக வாங்கிய காலம் அது. ஆஸ்பத்திரி விளக்குக்கு வந்த டின்னை அப்படியே கவிழ்த்திருந்தார் சவரிமுத்து. ஊரார் அவரை அடித்தார்கள். அடித்துவிட்டு, வேறு வழியில்லாமல் குடத்தைத் துணியால் மூடிக்கொண்டு சேரிக்குப் போனார்கள். அங்கே அஞ்சலை என்ற பெண்பிள்ளை குடம் குடமாக இறைத்து ஊற்றினாள். என் மகளுக்கு நாடி விழுந்துகொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைக் காய்ச்சி, உப்புப் போட்டு, கரண்டி கரண்டியாகப் புகட்டியவர் சவரிமுத்து. முதுகில் அடிபட்ட வீக்கத்தோடு இரண்டு நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

நோய் நின்றது. நின்றதும் மானம் வந்துவிட்டது. குடிதண்ணீரைக் கெடுத்தார் என்று மேலே ஒரு மனு எழுதச் சொன்னார்கள். சேரித் தண்ணீரைக் குடிக்க வைத்தார் என்று எழுத வெட்கம், அவ்வளவுதான். பெரிய பண்ணைக்காரர் பேனாவை நீட்டினார். "நீங்க மொதல்ல போடுங்க வாத்தியாரே. நீங்க போட்டா அத்தனை பேரும் போட்டுடுவான்." போட்டேன். விளக்கு வைப்பதற்குள் தாள் நிறைந்துவிட்டது. என் மேல் எனக்கு உண்டான அருவருப்பு இன்றுவரை தீரவில்லை.

மாற்றல் வந்து, தகரப் பெட்டியோடு வண்டி ஏறப் போகும்போது அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மனுவை அவருக்குக் காட்டியிருக்கிறார்கள். "கையெழுத்து முத்து முத்தா இருந்துச்சு சார். பாப்பா எப்படி இருக்கு?" என்றார். "நல்லாயிருக்கா" என்றேன். "மொத எறும்பு மேல எனக்குக் கோவம் வராதுங்க. பின்னால எத்தனை வரும்னு அதுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வாசற்படி வரை போனார். திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும் சார்."

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு வார்த்தைதான்.

நீங்கள் கேட்ட தீர்மானத்தை எழுதிவிட்டேன். மண்ணெண்ணெய் ஊற்றியதும் நாம் விரட்டியதும் அதில் இருக்கின்றன. நேற்று அதை எடுத்துக்கொண்டு சேரிக்குப் போனேன். அஞ்சலைக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். "மொதல்ல நானா வைக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கைநாட்டு வைத்தாள். அதற்கு அடியில் என் கையெழுத்து இருக்கிறது. தாள் பள்ளிக்கூடத்து மேசையில் இருக்கிறது. தெய்வம் மாதிரி மனுசன் என்று சொன்னவர்கள் யாரும் இதுவரை அந்தப் பக்கம் வரவில்லை.