கரண்ட் கொடுக்காதீங்க, கோவிந்தன்!

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. காரணம்... ஒரு பழைய கம்ப்யூட்டர்.

என் பைத்தியம்தான் உங்களுக்குத் தெரியுமே! எண்பதுகளில் வந்த மைக்ரோ கம்ப்யூட்டர்கள் எங்கே கிடந்தாலும் கிளம்பிவிடுவேன். கீபோர்டுக்குள்ளேயே மொத்த மெஷினும் அடங்கியிருக்குமே... அந்த ரகம்.

ஜவ்வாது மலையிலிருந்து அப்படி ஒன்றின் போட்டோ வந்தது. அனுப்பியவர் கோவிந்தன், சாமை பயிரிடுகிறவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்டதை அவர் அப்பா எப்போதோ தூக்கி வந்தாராம்.

ஞாயிறன்று மலையேறிப் போய்விட்டேன். புல் வேய்ந்த வீடு. உள்ளே சேலைத் தூளியில் குழந்தை தூங்க, வாசலில் கோவிந்தனின் மனைவி செல்வி முறத்தோடு உட்கார்ந்திருந்தார். பரணிலிருந்து மெஷின் இறங்கியது. மேல் வரிசையில் சிவப்பு கீகள்... அதேதான்!

"கரண்ட் மட்டும் கொடுக்காதீங்க. உள்ளே பார்ட்ஸ் உலர்ந்திருக்கும், வெடிக்கும்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவருக்காகப் பைக்குள் கையை விட்டேன்.

"ஓடுதான்னு பாக்காம எப்டி சார் குடுக்கறது?" என்றார் கோவிந்தன்.

நான் திரும்புவதற்குள், பிளக் இல்லாத வயரின் இரண்டு நுனிகளையும் சாக்கெட்டில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்கிவிட்டார்.

டப்!

வெள்ளைப் புகை. கருகிய மீன் நாற்றம். மெஷினுக்குள் எலி கூடு கட்டியிருந்திருக்க வேண்டும் — துளைகள் வழியே நெருப்பு எட்டிப் பார்த்தது. தலைக்கு மேலே, கைக்கெட்டும் உயரத்தில் காய்ந்த புல்!

"ஐயோ, புள்ள!" செல்வி புகைக்குள் பாய்ந்தார். கோவிந்தன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

நெருப்பைவிட அந்தக் குடம்தான் என்னை நடுங்க வைத்தது. கரண்ட் ஓடும் மெஷின்மேல் தண்ணீரா? மண் தரையில் எல்லோரும் வெறுங்காலோடு...

"ஊத்தாதீங்க! ஷாக் அடிக்கும்!"

கோவிந்தன் குடத்தோடு அப்படியே நின்றார். மூலையில் கிடந்த மூங்கில் கழியை எடுத்து வயரைத் தட்டினேன். வரவில்லை. மறுபடி ஓங்கித் தட்டினேன். வயர் தெறித்து விழுந்தது.

"இப்போ ஊத்துங்க!"

புஸ்ஸென்று அடங்கியது. வெளியே, செல்வியின் கையில் குழந்தை வீறிட்டு அழுதது. அழட்டும், நன்றாக அழட்டும் என்றிருந்தது எனக்கு.

"இத்தினி வருஷமா வூட்ல சும்மா தூங்கிகினு இருந்ததுதான சார்?" என்றார் செல்வி.

"எடுத்துகினு போய்டுங்க சார். இது இங்க வாணாம்" என்றார் கோவிந்தன், மெஷினைத் தொடாமலே.

சாக்கில் கட்டிக்கொண்டேன். கிளம்பும்போது எதையாவது பேச வேண்டுமே என்று குழந்தையின் பேரைக் கேட்டேன்.

செல்வி அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இன்னும் பேரே வெக்கலீங்க சார்."