மாறிப்போன சிலிண்டர் ஹெட்

ராணிப்பேட்டையில் நானும் என் கணவரும் ஒரு பட்டறை நடத்துகிறோம். பழைய முந்நூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிள்களின் இன்ஜினைப் பிரித்து, கேட்பவர் விருப்பப்படி மறுபடி கட்டித் தருவதுதான் வேலை. பிரிப்பது, தூக்குவது, முறுக்குவதெல்லாம் அவர். அளப்பதும் எந்த உதிரிபாகம் எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பதும் நான். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். இடது கால் தோலும் வலது கால் தோலும் ஒரே நிறமா என்று பார்த்துச் சோடி சேர்க்கும் வேலை. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்ற கர்வம் அங்கேயே வந்துவிட்டது.

அந்த மாதம் இரண்டு இன்ஜின்கள் ஒன்றாக மேஜைக்கு வந்தன. ஒன்று மாதனூர்க்காரருடையது. ஷூ கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ்ஸின் டிரைவர் அவர். அவர் வண்டியின் ஹெட்டில் விரிசல். சிலிண்டரின் மேல் மூடி போல உட்கார்ந்திருப்பதுதான் ஹெட். வால்வுகள் அதற்குள்தான் ஏறி இறங்கும். அதே மாடல் ஹெட் ஒன்றை வேலூரில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தோம். இன்னொரு இன்ஜின் ஒரு தோல் தொழிற்சாலை கெமிஸ்டுடையது. அவருக்கு இழுவை அதிகம் வேண்டும். அதனால் அவர் ஹெட்டின் அடிப்பாகத்தை லேத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினோம். வால்வு அந்த அளவு பிஸ்டனுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்பதால், அவர் பிஸ்டனின் தலையில் இரண்டு பள்ளங்களும் வெட்டினோம். டிரைவரின் பிஸ்டனில் அப்படிப் பள்ளம் கிடையாது.

இரண்டு ஹெட்டும் ஒரே அச்சில் வார்த்தவை. மார்க்கர் பேனாவால் அடையாளம் எழுதி, மணல் அடித்துச் சுத்தம் செய்யத் தொழிற்பேட்டைக்கு அனுப்பினேன். வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தன, என் எழுத்தும் அழிந்து. அளந்திருக்க வேண்டும். வெர்னியர் அளவுகோல் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பார்த்ததும் தெரிந்தது போல ஒன்றை எடுத்து, "இது பஸ் அண்ணனோடது" என்று கணவரிடம் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிரைவரும் அவர் மனைவியும் வந்து வண்டியை எடுத்துப் போனார்கள். முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பதினொரு மணிக்குக் கெமிஸ்டின் இன்ஜினில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணைப் பிஸ்டன் மேல் ஒட்டி, ஹெட்டை வைத்து மூடி, இன்ஜினைக் கையால் மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு திறந்து, வால்வு அழுத்திய இடத்தில் களிமண்ணைப் பிளேடால் வெட்டி அளந்தால், இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரியும். இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்றரை இருந்தது. இடைவெளி ஜாஸ்தியாக இருந்தால் நல்லதுதானே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடிதான் உறைத்தது. ஒன்றரை மில்லிமீட்டர். இது சீவாத ஹெட்.

"ஏங்க," என்றேன். மறுபடி கூப்பிட்டேன். "காலைல போன வண்டில ஹெட்டு மாறிப் போய்டுச்சு."

"இன்னா சொல்ற?" என்று திரும்பியவர் என் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அதான் புஷ்ராடை அவ்ளோ கம்மி பண்ண வேண்டியிருந்துச்சா? நான் பழைய ஹெட்டுன்னு நெனச்சேனே." வால்வைத் தள்ளும் கம்பிதான் புஷ்ராடு; ஹெட்டைச் சீவியிருந்தால் அதன் நீளத்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

மெதுவாக ஓடும்போது வால்வு பிஸ்டனை மயிரிழையில் தவறவிடும். அதனால்தான் காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தபோது எதுவும் தெரியவில்லை. வேகம் ஏறினால் ஸ்பிரிங்கால் வால்வை நேரத்துக்கு மேலே இழுக்க முடியாது. அப்போது இடிக்கும். வால்வு உடைந்தால் இன்ஜின் பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும். லாரிகள் ஓடும் நெடுஞ்சாலையில், பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்க.

டிரைவரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பட்டறையைப் பூட்டாமலே எங்கள் வண்டியில் கிளம்பினோம். பின்னால் உட்கார்ந்து திரும்பத் திரும்ப அந்த எண்ணையே அழுத்தினேன். அவசரத்தில் ஒருமுறை என் அம்மாவுக்குப் போய்விட்டது. "யாரு, யாரு" என்று அவர் கேட்கக் கேட்க வைத்துவிட்டேன்.

வேலூர் தாண்டும்போது கொணவட்டம் பக்கம் சாலையோரத்தில் கூட்டம். ஒரு வண்டி சாய்ந்து கிடந்தது. கணவர் வண்டியை நிறுத்துவதற்குள் இறங்கி ஓடினேன். பால்கேன் கட்டிய மொபெட் அது. முட்டி சிராய்த்த ஒரு பெரியவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்து "அப்பாடா" என்று சொல்லிவிட்டேன். கூட்டத்திலிருந்த ஒரு பெண் என்னை முறைத்தார். அந்த வார்த்தைக்கு இன்றும் கூசுகிறேன்.

மறுபடி வண்டியில் ஏறி இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். போன் எடுக்கப்பட்டது. டிரைவரின் மனைவி.

"அக்கா, எங்க இருக்கீங்க? வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

"நின்னுதான் இருக்கோம்மா. பொய்கை தாண்டி, ஒரு புளியமரத்தாண்ட. போனு பைக்குள்ள இருந்துச்சு."

"ஸ்டார்ட் பண்ண வேணாம். நாங்க வர்றோம்."

போய்ச் சேர்ந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சண்டை என்று தெரிந்தது. டிரைவர்தான் முதலில் பேசினார். "வாம்மா, நீயே சொல்லு. வண்டி சூப்பரா போவுது. இதுதான் ஒரு மணி நேரமா வண்டில ஏற மாட்டேங்குது. ஒரே பேஜாரு."

"எம்பது போனாருமா," என்றார் அவர் மனைவி. "நீ சொன்னத கேக்கல. அப்ப டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம். நான் தையல் மெஷின்ல பதினஞ்சு வருசமா உக்காந்திருக்கேன். ஊசி வளைஞ்சு தட்டுல பட்டா ஒரு சத்தம் வரும் பாரு, அதே சத்தம். முதுகுல குத்தி நிறுத்த வெச்சேன்."

அங்கேயே சொன்னேன். "அண்ணா, தப்பு என்னுது. வேற வண்டி ஹெட்ட உங்க வண்டில மாட்டிட்டேன். அளக்காம குடுத்துட்டேன்."

டிரைவர் நம்பவில்லை. ஹெல்மெட்டில் கலைந்த தலையைத் தடவிக்கொண்டு, "நல்லாத்தானே ஓடுச்சு" என்றார். மினி லாரி ஒன்றைப் பிடித்து வண்டியை ஏற்றினோம். அவர்களும் கூடவே பட்டறைக்கு வந்தார்கள்.

என் கணவர் ஹெட்டைத் தூக்கினார். பிஸ்டனின் தலையில், கரி படியாத இடத்தில், நகத்தால் கீறியது போல இரண்டு பிறை வடிவத் தடங்கள் பளபளத்தன. ஒரு வால்வின் தண்டு லேசாக வளைந்திருந்தது. டிரைவர் குனிந்து அந்தத் தடத்தை விரலால் தொட்டார். பிறகு தரையில், எண்ணெய்க் கறை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் எவ்ளோ தூரம் தாங்கியிருக்கும்?" என்று அவர் மனைவி என்னைக் கேட்டார்.

"தெரியலக்கா."

உண்மையில் தெரியவில்லை. ஒரு கிலோமீட்டராகவும் இருக்கலாம், நூறு கிலோமீட்டராகவும் இருக்கலாம். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ புருஷனுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கெமிஸ்டிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் மறுநாளே இன்ஜினை மூட்டையாகக் கட்டி வேறு பட்டறைக்குக் கொண்டுபோனார். "சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்காது" என்று கணவர் ஒரே ஒருமுறை சொன்னார். பிறகு அவரே, "சொன்னதுதான் சரி" என்றார். இப்போதெல்லாம் பேனாவால் எழுதுவதில்லை. உள்பக்கம் இரும்பு அச்சால் எண் குத்துகிறேன். கண்ணால் பார்த்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை.

டிரைவரின் இன்ஜினுக்குப் புது பிஸ்டன், புது வால்வு, சரியான ஹெட் போட்டு மூன்று வாரத்தில் முடித்தோம். அவரும் மனைவியும் வந்தார்கள். அன்று மனைவி என் தோளுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு அளவையும் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். டிரைவர் வண்டியை உதைத்தார். ஒரே உதையில் எடுத்தது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் சத்தத்தைக் கேட்டார்.

"ஏறு," என்றார்.

அவர் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நீ போ. நான் பஸ்ல வர்றேன்," என்று சொல்லிவிட்டு முத்துக்கடை பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தார்.